எதிர் நாற்காலியில் யாரு?

மும்பையில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. தாதர் ஸ்டேஷன் பாலத்தில் அரை நிமிஷம் நின்று பாருங்கள். பின்னால் வருகிற கூட்டம் உங்களை அப்படியே அள்ளிக்கொண்டு போய் ஏதோ ஒரு பிளாட்பாரத்தில் இறக்கிவிடும். இந்த ஊர் ஓரிடத்தில் உட்காருவது சாப்பிடும்போது மட்டும்தான். அதுவும் ஒரு பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு இந்தியாவில் இதைவிட ஜோரான ஊர் கிடையாது!

விஷயம் இதுதான்: இங்கே மேஜை யாருக்கும் சொந்தமில்லை. நாலு நாற்காலி மேஜையில் நீங்கள் ஒருவர் உட்கார்ந்தால் மிச்சம் மூன்றிலும் முகம் தெரியாத மூன்று பேர் வந்து உட்காருவார்கள். அனுமதி கேட்க மாட்டார்கள், மன்னிப்பும் கேட்க மாட்டார்கள். உங்கள் சாம்பார் கிண்ணத்துக்கும் அவர் முழங்கைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள், இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து வேறு எங்கே மனுஷர்களைப் பார்க்க முடியும்? டிக்கெட் கிடையாது. கூடவே சட்னி வேறு!

மாட்டுங்கா, தாராவி, செம்பூர். மும்பைத் தமிழர்களின் இந்த மூன்று பேட்டைகளையும் விடியலிலிருந்து ராத்திரி வரை ஒரு சுற்று சுற்றுவோம். எந்த நேரத்துக்கு எந்த நாற்காலி, உள்ளே என்ன நடக்கிறது, யாரைப் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இருட்டு விலகுமுன்: தாராவி

மும்பை முழுக்கக் காலையில் சைக்கிளில் வருகிற இட்லிக்காரரைப் பார்த்திருப்பீர்கள். பின் கேரியரில் அலுமினிய அண்டா, ஹேண்டிலில் தொங்கும் சட்னி கேன், பாம் பாம் என்று ஒரு ரப்பர் ஹாரன். கொலாபாவில் நிற்பவரும் அந்தேரியில் நிற்பவரும் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்களாகக்கூட இருக்கலாம். அவர்களில் ஏராளமானவர்கள் கிளம்பும் இடம் தாராவி.

ஊர் தூங்கும் நேரத்தில்தான் இந்தச் சந்துகளின் பாதி வேலை நடக்கிறது. முதல் நாள் சாயங்காலமே மாவு அரைத்தாகிவிடும். பின்னிரவில் அடுப்பு பற்றும். முன்னறையில் குழந்தைகள் தூங்க, பின்னறையில் ஈடு ஈடாக இட்லி இறங்கும். ஒரு கை துணியை உரிக்க, இன்னொரு கை அண்டாவில் அடுக்க, மூன்றாவது ஆள் தேங்காய் சட்னியை ஊற்றி மூட, விடிவதற்குள் சைக்கிள்கள் வரிசையாகச் சந்தை விட்டு வெளியே வரும். இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டும், அவ்வளவு அகலம்தான். யார் பின்வாங்குவது என்பதில் ஒரு பேச்சு நடக்கும் பாருங்கள், திருநெல்வேலிச் சீமைப் பேச்சு கலப்படமில்லாமல் காதில் விழும்!

வேடிக்கை பார்க்க நல்ல இடம் சந்துக்குள்ளே இல்லை. அது அவர்கள் வீடு, நாம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சைக்கிள் போய் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். ஏதாவது ஒரு ஸ்டேஷன் வாசல், ஆபீஸ் கேட், ஆஸ்பத்திரி முனை. டூட்டி முடித்த செக்யூரிட்டி, டாக்ஸிக்காரர், ஓட்டப்பயிற்சிக்குப் போய்விட்டு இட்லி தின்பதை வீட்டில் சொல்லாத ஐயா, அத்தனை பேரும் ஒரே அண்டாவைச் சுற்றி நிற்பார்கள். எல்லாருக்கும் இட்லிக்காரர் ‘அண்ணா’தான். தமிழ் ஒரு சொல் தெரியாத மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் அந்த ஒரு சொல்லை மட்டும் சுத்தமாகச் சொல்வார்கள்.

காலை 5 மணி: ராம் ஆஸ்ரயா

மாட்டுங்கா ஸ்டேஷன் கிழக்கு வாசலில் இறங்குங்கள். இறங்கும்போதே ஒரு வேடிக்கை: டிக்கெட் கவுண்டரிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் அறை வரை பெண்களே நடத்தும் ஸ்டேஷன் இது. நாட்டிலேயே முதலாவது, 2017-ல் இப்படி ஆனது, அடுத்த வருஷமே லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

இரண்டு எட்டு வைத்தால் ராம் ஆஸ்ரயா. 1939-ல் தொடங்கிய கடை. விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிடும். அந்நேரத்தில் யார் வருவார்கள் என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ராத்திரி முடியாதவர்களும் காலை தொடங்கியவர்களும் சந்திக்கும் ஒரே இடம் இதுதான். ஒரு பக்கம் கோவிலுக்குக் கிளம்பிய மாமி, தலையில் ஈரத்துண்டு. எதிரே பரீட்சைக்கு ராமுழுக்கக் கண் விழித்த கல்லூரிப் பையன்கள். பக்கத்தில் பூ மார்க்கெட்டுக்குச் சரக்கு இறக்கிவிட்டு வந்தவர், சட்டையில் இன்னும் சம்பங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். மூவருக்கும் ஒரே மேஜை.

சுவரில் பலகை. அன்றைக்கு என்னென்ன உண்டு என்று அதில் எழுதியிருக்கும். பழைய வாடிக்கையாளர் யார், புதுசு யார் என்று கண்டுபிடிக்க இந்தப் பலகை போதும். புதியவர் பலகையை முழுக்கப் படிப்பார். பழையவர் ஒரே ஒரு வரியைத் தேடுவார், கிடைத்ததும் நிம்மதியாகப் பைனாப்பிள் ஷீரா சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார்.

காலை 9 மணி: கஃபே மெட்ராஸ் வாசல்

உள்ளே போகவேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இங்கே முதல் காட்சி வாசலில்தான்!

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் 1940-ல் கோபால் காமத் தொடங்கிய கடை. பேர் மெட்ராஸ், குடும்பம் கன்னடக் கரையோரத்துக் காமத்துகள், இலையில் விழுவது உடுப்பிச் சமையல், சாப்பிட வருவதில் பாதிப் பேர் குஜராத்திகள். இதில் குழம்புவது நாம் மட்டும்தான், மும்பைக்காரர் எவரும் குழம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், நடைபாதை முழுக்கக் கூட்டம். வாசலில் ஒருவர் கையில் தாளோடு நிற்பார். பேரைச் சொல்லவேண்டும், எழுதிக்கொள்வார். ‘கித்னே லோக்?’ எத்தனை பேர் என்ற அந்த ஒரு கேள்விதான் உங்கள் தலையெழுத்தை முடிவு செய்கிறது.

‘ஆறு பேர்’ என்று சொன்ன குடும்பத்தைக் கவனியுங்கள். தாத்தா பைக்கின் மேல் சாய்ந்துவிட்டார். மருமகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய்த் தாளை எட்டிப் பார்க்கிறார். பையன் அடுத்த கடைக் கண்ணாடியில் முடி சரிசெய்கிறான். பேர் கூப்பிடும் ஒவ்வொரு தரமும் அறுபது தலை ஒன்றாக நிமிர்ந்து ஐம்பத்தைந்து தலை ஒன்றாகக் கவிழும். நடுவில் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: தனி ஆள் யாராவது உண்டா? அப்போது பாருங்கள், எல்லாருக்கும் கடைசியில் வந்த ஒல்லியான ஓர் ஆள், புத்தகத்தை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அத்தனை குடும்பத்தையும் தாண்டி ராஜா மாதிரி உள்ளே நடப்பார். அந்த நேரத்தில் அறுபது முகங்களிலும் தெரியும் பொறாமை இருக்கிறதே, அதைப் பார்க்கவே ஞாயிறு வரலாம்.

உள்ளே போனால் சர்வரைப் பாருங்கள், தோசையை அப்புறம் பார்க்கலாம். ஒரு மேஜையில் நாலு பேர், நாலு பேரும் தனித்தனி. ஒருவருக்கு ரச வடை, ஒருவருக்கு ராகி தோசை, ஒருவருக்குப் பட்டர் இட்லி, நாலாமவர் இன்னும் யோசிக்கிறார். சர்வர் எதையும் எழுதிக்கொள்வதில்லை, எல்லாம் தலைக்குள். உங்கள் பக்கத்து ஆள் கடைசி விள்ளலை எடுக்கும்போது அவர் கேட்கும் முன்னால் காபி வந்து இறங்கும். டபராவில் டம்ளர் மோதும் அந்தச் சத்தத்தோடு பில்லும் மேஜையில் இருக்கும். ‘எழுந்திரு’ என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எழுந்துவிடுவீர்கள். நாலு பேருக்கு நாலு பில், ஒன்றுகூட மாறாது. நாம் அவரை வேடிக்கை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது அவர் நம் தட்டில் எத்தனை வாய் மிச்சம் என்று எண்ணி முடித்திருப்பார்.

கிங்ஸ் சர்க்கிளிலேயே இன்னொரு கடை, கஃபே மைசூர், 1936. பக்கத்து யுடிசிடி கல்லூரியில் ரசாயனப் பொறியியல் படித்தபோது முகேஷ் அம்பானி சாப்பிட்ட கடை என்று ஊருக்கே தெரியும். 2024-ல் அம்பானி வீட்டுக் கல்யாணத்தில் இந்தக் கடைக்கார அம்மாவும் விருந்தாளி. மாப்பிள்ளை குனிந்து வணக்கம் சொன்ன வீடியோ அந்த வாரம் மாட்டுங்காவில் ஓடாத போன் இல்லை. அதற்குப் பிறகு இங்கே இட்லி சாப்பிட வருகிறவர்களில் ஒரு தனி இனம் சேர்ந்திருக்கிறது: உட்கார்ந்ததும் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், ஒருவேளை இன்றைக்கு வந்துவிட்டால்?

நடுவே ஒரு சின்னக் கணக்கு

கூலார் 1932, மைசூர் 1936, ராம் ஆஸ்ரயா 1939, மெட்ராஸ் 1940, ராம நாயக் 1942 (கூலாருக்கும் ராம நாயக்குக்கும் இனிமேல்தான் போகப்போகிறோம்). பத்தே வருஷத்துக்குள் நாலு தெருவுக்குள் ஐந்து கடை! என்ன நடந்தது?

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசலைக் குறைக்க வடக்கே புதுக் குடியிருப்புகளைத் திட்டமிட்டது பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். தாதர், மாட்டுங்கா, சயான் எல்லாம் அப்படி விரிந்தவை. தெற்கேயிருந்து குமாஸ்தாவாக, ஸ்டெனோகிராபராக, கணக்குப்பிள்ளையாக வந்தவர்கள் இங்கே வந்து குவிந்தார்கள். 1932-ல் அவர்கள் பிள்ளைகளுக்காக எஸ்ஐஇஎஸ் கல்விச் சங்கமே தொடங்கியாகிவிட்டது. ஆனால் குடும்பத்தோடு வந்தவர்களைவிடத் தனியாக வந்தவர்களுக்குத்தான் சாப்பாட்டுப் பிரச்சினை. ஓர் அறையில் நாலு பேர், சமைக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இந்தக் கடைகளின் முதல் வாடிக்கையாளர் அந்தத் தனி ஆள்தான். தனியாக வருவார், கிடைத்த இடத்தில் உட்காருவார், எதிரே இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்பார், எழுந்து போய்விடுவார். மேஜையைப் பங்கிடும் பழக்கம் அப்படி வந்ததுதான் என்பது என் கணிப்பு. இன்றைக்கும் கடையின் கணக்கு அவரை வைத்துத்தான் ஓடுகிறது.

மதியம் 1 மணி: மாடியில் வாழையிலை

ஸ்டேஷனுக்கு எதிரே முனிசிபல் மார்க்கெட் கட்டடம். மாடியேறினால் ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். ராம நாயக் சின்ன வயதில் ஊரை விட்டு வந்து, எச்சில் பாத்திரம் தேய்த்து, படிப்படியாக முதலாளியானவர். மும்பை உடுப்பி ஹோட்டல்களின் பிதாமகர் என்று அவரைச் சொல்வார்கள்.

முதலில் காசு, கையில் கூப்பன், பிறகு காத்திருப்பு. கூப்பிட்டதும் உள்ளே ஓடவேண்டும். வரிசையாக இலை விரிந்திருக்கும். கவனித்துப் பாருங்கள், இலை முன்னால் உட்கார்ந்ததும் முதல் அரை நிமிஷத்தில் ஒவ்வொருவரின் பூர்வீகமும் வெளியே வந்துவிடும். தண்ணீர் தெளித்துத் துடைப்பவர் தஞ்சாவூரோ பாலக்காடோ. நுனி எந்தப் பக்கம் என்று குனிந்து சரிபார்க்கும் பெரியவர் கல்யாணச் சமையலை நிறையப் பார்த்தவர். ஸ்பூன் இருக்கிறதா என்று தேடுகிறவர் ஆபீஸ் நண்பரோடு முதல் தரம் வந்தவர். அவருக்கு ரசம் ஊற்றும் காட்சிக்காக நான் கையைக் கழுவாமல் காத்திருப்பேன். சாதத்தில் அணை கட்டத் தெரியாதவர் இலையில் ரசம் ஊற்றினால் என்ன ஆகும்? அது சட்டைப் பொத்தானை நோக்கிப் புறப்பட்டுவிடும். எதிர் இலைக்காரர் ஒரு சொல் பேசாமல், தன் இலையில் சாதத்தைக் குழித்துக் காட்டுவார். இவர் பார்த்து அப்படியே செய்வார். பாஷை தெரியாமலே பாடம் முடிந்தது!

கீழே இறங்கினால் பூக்கடைகளும் காய்கறிக் கடைகளும். மல்லி, கதம்பம், மாலை, குவியலாக வாழைப்பூ, முருங்கை, சேம்பு. பேத்தி கல்யாணத்துக்கு மாலை சொல்ல வந்து பேரம் பேசும் பாட்டியைப் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். தமிழில் ஆரம்பித்து, இந்தியில் சண்டை போட்டு, மராத்தியில் சமாதானமாவார்.

சாயங்காலம் 4 மணி: கூலார் முனை

மாட்டுங்காவில் ஓர் ஈரானிக் கடை! கிங்ஸ் சர்க்கிளின் முனையில் கூலார் அண்ட் கோ. ஈரானிக் கடைகள் பெரும்பாலும் முனையில்தான் இருக்கும். முனைக் கடை ஆகாது என்று உள்ளூர் வியாபாரிகள் ஒதுக்கியதை ஈரானிகள் மலிவாகப் பிடித்தார்கள் என்று சொல்வார்கள். யார் ஒதுக்கினால் என்ன, வேடிக்கை பார்க்கிறவனுக்கு இது புதையல். இரண்டு தெருவும் தெரியும்.

பன் மஸ்கா, ஈரானி சாய். மாட்டுங்காவின் மற்ற கடைகளில் காபி வந்ததும் எழவேண்டும். இங்கே சாய் வந்ததும்தான் உட்காருவதே தொடங்கும். பக்கத்து டேபிளில் ஒருவர் பேர்போன ‘ரெஸ்லர் ஆம்லெட்’ சொல்லியிருப்பார். அது வந்து இறங்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். சொல்லும்போது இருந்த தைரியம் தட்டைப் பார்த்ததும் இருக்காது. வெளியே நடைபாதையில் பழைய பாடப்புத்தகக் கடைகள். போன வருஷப் புத்தகத்தை விற்கும் பையனும் அதே புத்தகத்தை வாங்கும் பையனும் ஒரே குவியல் முன்னால். கொஞ்சம் தள்ளி அரோரா தியேட்டர். ரஜினி படம் வெளியான காலைகளில் இந்தச் சர்க்கிளே கட்டவுட்டும் பாலாபிஷேகமும் மேளமுமாக இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இன்றைக்கும் சொல்லி மாளாது.

6 மணி: மறுபடியும் தாராவி

600 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான தாராவியைத் தமிழ்நாடு சினிமாவில்தான் பார்த்திருக்கிறது. ‘நாயகன்’ 1987, ‘காலா’ 2018. இரண்டிலும் நீங்கள் பார்த்த மும்பைச் சந்துகளில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட்! ஆகவே நேரில் வாருங்கள். 90 அடி ரோட்டில் ஒரு டீக்கடை பெஞ்சு போதும்.

இங்கே ஒரு தமாஷ் உண்டு. தாராவியைச் சுற்றிக் காட்டும் டூர்கள் பல வருஷமாக நடக்கின்றன. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வெள்ளைக்காரர்கள் வரிசையாக வருவார்கள். அவர்கள் நம்மைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைப்பீர்கள். பெஞ்சில் உட்கார்ந்த பெரியவர்களுக்கோ அவர்கள்தான் சாயங்கால நிகழ்ச்சி. எந்த நாடு, யார் யாருக்குச் சொந்தம், இந்த வெயிலில் ஏன் இத்தனை பெரிய ஷூ என்று கட்டிங் சாயோடு அலசல் நடக்கும். அந்தப் பெஞ்சில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். பரோட்டாக் கல்லில் தாளம் தொடங்கும்வரை உட்காரலாம். படம் மட்டும் எடுக்காதீர்கள், பெஞ்சில் உங்கள் மரியாதை போய்விடும்.

தையில் வந்தால் இன்னும் விசேஷம். பொங்கலன்று இந்த ரோட்டிலேயே செங்கல் அடுப்பு வரிசையாக மூட்டிப் பெண்கள் பொங்கலிடுவார்கள். எந்தப் பானை முதலில் பொங்கும் என்பதில் இருக்கும் பரபரப்புக்குக் கிரிக்கெட் ஈடாகாது.

7 மணிக்கு மேல்: இடைவேளையும் செம்பூரும்

கச்சேரி இருக்கும் நாளா? கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா ஹாலுக்குத் திரும்புங்கள். 1963-ல் திறந்து, 1990-ல் தீயில் கருகி, 1998-ல் மீண்டு வந்த மண்டபம். ஏறக்குறைய 2,800 இருக்கை. இடைவேளை மணி அடித்ததும் பட்டுப்புடவைகள் கேன்டீன் பக்கம் வேகநடை போடும். ராகத்தில் லயித்துக் கண் மூடியிருந்தவர்தான் போண்டா வரிசையில் முதல் ஆள் என்பதைப் பலதரம் பார்த்தாகிவிட்டது. வரிசையில் நடக்கும் விமர்சனம் மறுநாள் பேப்பரில் வருவதைவிடக் காரம்.

கச்சேரி இல்லையென்றால் செம்பூர். செட்டா நகரில் படியேறிப் போகும் முருகன் கோவில், கீழே ஹைவேயின் இரைச்சல். கோவிலில் பிரசாதத் தொன்னையோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை ஜாதகம் முதல் வாடகை வீடு வரை எல்லாம் காதில் விழும். அங்கிருந்து கேம்ப் பக்கம். பிரிவினையில் வந்த சிந்திகளைப் பழைய ராணுவக் குடில்களில் குடியேற்றிய இடம். ‘விக்’ கடையில் தால் பக்வான், ‘ஜாமா’ கடையில் குலாப் ஜாமூன். தமிழ் மாமாக்களும் சிந்திப் பாட்டிகளும் அறுபது எழுபது வருஷமாக ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ராஜ் கபூர் 1948-ல் கட்டிய ஆர்.கே. ஸ்டூடியோவும் செம்பூர்தான். ஒரு காலத்தில் ஜாமூன் வரிசையில் நின்றபடி எந்தக் காரில் எந்த நடிகை போனாள் என்று பார்த்திருக்கலாம். 2019-ல் அதை கோத்ரெஜ் வாங்கிவிட்டது. இப்போது அந்த வரிசையில் பேச்செல்லாம் அடுக்குமாடி வீட்டின் சதுர அடி விலை பற்றித்தான்.

கிளம்புமுன் கவனிக்க

கஃபே மெட்ராஸுக்குத் திங்கட்கிழமை விடுமுறை; கூட்டம் வேண்டுமென்றால் ஞாயிறு, நாற்காலி வேண்டுமென்றால் செவ்வாய். எல்லா இடத்துக்கும் சில்லறை எடுத்துப் போங்கள். எதிரே இருப்பவர் தட்டைப் பார்த்து ‘அது என்ன’ என்று கேட்கலாம், குற்றமில்லை. அவர் போனில் பேசுவதைக் கேட்கலாம், ஆனால் சிரிக்கக்கூடாது.

கடைசியாக ஒன்றே ஒன்று: தனியாகப் போங்கள். வாசலில் ‘கித்னே லோக்’ என்று கேட்டால் ஒரு விரலைக் காட்டுங்கள். நாலு பேராகப் போனால் ஒரு மணி நேரம் காத்திருந்து, முழு மேஜை பிடித்து, உங்கள் நாலு பேரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவீர்கள்.